மாநிலத்தின் காய்ச்சலை அளப்பது எப்படி? வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி காய்ச்சலைப் பற்றியவையாகவே இருக்கும். மருந்து, உணவு, ஓய்வு பற்றிய கேள்விகளுக்கு முந்தைய இதழ்களில் பதில் எழுதியாயிற்று. இன்புளூயன்சா என்னும் ஃப்ளூ காய்ச்சல் ஒரு மாநிலத்தில் எந்த அளவுக்குப் பரவியிருக்கிறது என்பதை எப்படி அறிகிறார்கள், வெளியாகும் எண்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கேட்ட கடிதங்களை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: நான் ஏழாம் வகுப்பு ஆசிரியை. சென்ற அக்டோபரில் ஒரே வாரத்தில் என் வகுப்பின் 38 மாணவர்களில் 13 பேர் காய்ச்சலும் இருமலுமாக விடுப்பு எடுத்தார்கள். அதே வாரம், எங்கள் மாவட்டத்தில் நான்கு பேருக்கு மட்டுமே ஃப்ளூ பாதிப்பு என்று நாளிதழில் படித்தேன். எண்ணிக்கையை மறைக்கிறார்களா, டாக்டர்?
(ஓர் ஆசிரியை, தஞ்சாவூர்)

பதில்: மறைக்கவில்லை, அம்மா. நீங்கள் எண்ணியது காய்ச்சல் வந்த குழந்தைகளை. நாளிதழ் எண்ணியது மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுத்து, ஆய்வகத்தில் ஆர்டி-பிசிஆர் என்னும் மரபணுப் பரிசோதனை செய்து, வைரஸ் இருப்பதாக உறுதியானவர்களை. மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல்படி ஃப்ளூ அறிகுறிகளோடு வருபவர்களை மருத்துவர்கள் ஏ, பி, சி என்று மூன்று பிரிவாகப் பார்க்கிறார்கள். மிதமான காய்ச்சலும் இருமலும் மட்டும் உள்ள ஏ பிரிவினருக்குப் பரிசோதனை தேவையில்லை. வீட்டில் ஓய்வெடுத்தால் போதும். கடுங்காய்ச்சல் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், முதியோர், சிறு குழந்தைகள், சர்க்கரை நோயாளிகள் போன்றோர் பி பிரிவில் வருவார்கள். இவர்களுக்கும் பரிசோதனைக்குக் காத்திராமல் ஒசெல்டாமிவிர் என்னும் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்கலாம். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இரத்த அழுத்தக் குறைவு ஆகியவற்றோடு வரும் சி பிரிவினரை உடனே மருத்துவமனையில் சேர்த்து, மாதிரியும் எடுக்க வேண்டும். ஆகவே உங்கள் வகுப்பின் 13 குழந்தைகளில் ஒருவருக்குக்கூட மாதிரி எடுத்திருக்க மாட்டார்கள். எடுக்காதது தவறும் இல்லை.

அப்படியானால் பரவலை எப்படித்தான் அறிவது என்று நீங்கள் கேட்பீர்கள். சென்னையில் பெய்யும் ஒவ்வொரு துளியையும் யாரும் பிடித்து அளப்பதில்லை. நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் உள்ள மழைமானிகள் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில், ஒரே முறையில் அளந்து வருவதால்தான் இந்த ஆண்டு மழை அதிகமா குறைவா என்று நம்மால் சொல்ல முடிகிறது. காய்ச்சலுக்கும் அப்படிப்பட்ட மழைமானிகள் உண்டு. தேர்ந்தெடுத்த மருத்துவமனைகளில், ஒரே வரையறைக்குள் வரும் நோயாளிகளை வாரந்தோறும் எண்ணி, அவர்களில் ஒரு பகுதியினரிடம் மாதிரி எடுத்து, நூறு மாதிரியில் எத்தனையில் வைரஸ் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை எளிமையானது. கடந்த 10 நாட்களுக்குள் தொடங்கிய, 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சலும் இருமலும் இருந்தால் அது ஃப்ளூ போன்ற நோய். மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலையும் இருந்தால் அது கடும் சுவாசத் தொற்று. எத்தனை பேர் என்ற மொத்த எண்ணைவிட, சென்ற வாரம் நூறு மாதிரிக்கு 5 என்றிருந்தது இந்த வாரம் 20 ஆகியிருக்கிறதா என்பதே பரவலைக் காட்டும்.

இதற்கும் கீழே இன்னொரு அடுக்கு இருக்கிறது. 2004 இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் மூன்று படிவங்கள் உண்டு. கிராம சுகாதார செவிலியர் அறிகுறிகளை மட்டும் வைத்து நிரப்புவது எஸ் படிவம். மருத்துவர் தம் கணிப்பை எழுதுவது பி படிவம். ஆய்வகம் உறுதி செய்தவை எல் படிவம். 2021 ஏப்ரல் முதல் இவை காகிதத்திலிருந்து இணையத் தளத்துக்கு மாறிவிட்டன. நான் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றிய காலத்தில், துணை சுகாதார நிலையத்துச் செவிலியர் திங்கட்கிழமை காலையில் எஸ் படிவத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைப்பார். ஏழு நாளுக்குட்பட்ட காய்ச்சல் என்ற கட்டத்தில் வழக்கமாக நான்கு, ஐந்து என்றுதான் இருக்கும். ஒரு வாரம் அதில் 21 என்று எழுதி, ஓரத்தில் பென்சிலால் ஒரு தெருவின் பெயரையும் குறித்திருந்தார். அந்தத் தெருவில் யாருக்கும் இன்னும் எந்தப் பரிசோதனையும் நடந்திருக்கவில்லை. ஆனாலும் அன்று மதியமே நாங்கள் அங்கே போனோம். ஆய்வக முடிவு வந்து சேர்ந்தது அதற்குச் சில நாட்கள் கழித்துத்தான்.

உங்கள் வருகைப் பதிவேடும் அந்தப் படிவத்துக்கு இணையானது. ஒரே வகுப்பில் 13 பேர் என்றால், மறுநாளே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தலைமையாசிரியர் வழியாகத் தெரிவியுங்கள்.

கேள்வி: "மர்மக் காய்ச்சல்" என்று அடிக்கடி செய்தி வருகிறதே, அது என்ன காய்ச்சல்?
(ஒரு வாசகர், விருத்தாசலம்)

பதில்: பெரும்பாலும் அது இன்னும் மாதிரி எடுக்கப்படாத காய்ச்சல், அல்லது மாதிரி எடுத்து முடிவு வராத காய்ச்சல். டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல், டைபாய்டு, ஃப்ளூ எல்லாமே முதல் இரண்டு நாட்களில் ஒன்றுபோலவே தோன்றும். அந்தச் சொல்லைச் செய்தியாளர்கள் கைவிட்டு, "காரணம் இன்னும் உறுதியாகவில்லை" என்று எழுதினால், மக்களின் பயமாவது குறையும்.

கேள்வி: 1957 இல் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு காய்ச்சல் வந்து பள்ளிக்கூடத்தை மூடியதாக என் தந்தையார் சொல்வார். கப்பலில் வந்த காய்ச்சல் என்றும் சொல்வார். அது உண்மையா? அப்போதெல்லாம் கணக்கெடுக்க ஏற்பாடு இருந்ததா?
(ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், நாகப்பட்டினம்)

பதில்: உங்கள் தந்தையார் சொன்னது உண்மை. ஆசியக் காய்ச்சல் என்று அழைக்கப்பட்ட அந்த உலகளாவிய கொள்ளைநோய் கிழக்காசியாவில் தொடங்கி, 1957 மே மாத நடுவில் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கப்பல் வழியாக இந்தியாவுக்குள் நுழைந்தது. சில வாரங்களிலேயே நாடு முழுவதும் பரவியது. 1958 பிப்ரவரிக்குள் இந்தியாவில் ஏறத்தாழ 44.5 லட்சம் பேர் பாதிக்கப்பட்டதாகவும், ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டோர் இறந்ததாகவும் பதிவாயிற்று. இந்த எண்கள் மிகக் குறைவானவை என்றே நான் கருதுகிறேன். வீட்டுக்கு வீடு காய்ச்சல் கண்ட ஒரு நோயில், சுமார் 40 கோடி மக்களில் 44.5 லட்சம் என்பது, மருத்துவமனைப் படியேறியவர்களின் கணக்காகத்தான் இருக்க முடியும்.

ஆனால் கணக்கெடுக்க ஏற்பாடு இருந்தது என்பதே எனக்குப் பெருமிதம் தரும் செய்தி. இந்தியாவுக்கான இன்புளூயன்சா மையம் அப்போது நம் குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தில்தான் இயங்கியது. வெறிநாய்க்கடி மருந்துக்காக 1907 இல் தொடங்கப்பட்ட அந்த நீலகிரி நிறுவனம், உலக சுகாதார நிறுவனத்தின் ஃப்ளூ ஆய்வகச் சங்கிலியில் ஒரு கண்ணியாகவும் விளங்கியது. மாதிரிகள் மலையேறிப் போய், அங்கே கருவுற்ற கோழிமுட்டைகளில் வைரஸை வளர்த்துப் பார்த்தார்கள். பிசிஆர் என்ற சொல்லே பிறக்காத காலம் அது.

அதற்கு 39 ஆண்டுகள் முன்னால், 1918 இல், அந்த வாய்ப்பும் இல்லை. அந்த ஆண்டு ஜூன் மாதம் பம்பாயில் தலைகாட்டிய காய்ச்சல், செப்டம்பருக்குப் பிறகு இரண்டாம் அலையாகத் திரும்பி வந்து, பிரிட்டிஷ் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோனது. மனிதர்களிடம் இன்புளூயன்சா வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டதே 1933 இல்தான். ஆகவே 1918 இல் கிராம முன்சீப்புகள் இறப்புப் பதிவேட்டில் எழுதியவற்றில் பெரும்பகுதி வெறுமனே "காய்ச்சல்" என்ற ஒரே சொல்லாக இருந்தது. மலேரியாவில் இறந்தவரும் ஃப்ளூவில் இறந்தவரும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிப் போனார்கள். இன்றைக்கும் ஆய்வாளர்கள் வழக்கமான ஆண்டுகளின் இறப்புகளை 1918 இன் இறப்புகளிலிருந்து கழித்துத்தான் அந்தப் பேரிழப்பைக் கணக்கிடுகிறார்கள். மதிப்பீட்டுக்கு மதிப்பீடு பல லட்சம் உயிர்கள் வேறுபடுகின்றன.

கேள்வி: பன்றிக்காய்ச்சல் 2009 இல் வந்து போய்விட்டதல்லவா? பிறகு ஏன் ஆண்டுதோறும் எச்1என்1 என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்?
(ஒரு கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: கொள்ளைநோய் முடிந்தது, வைரஸ் போகவில்லை. 2009 ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் அதைக் கொள்ளைநோயாக அறிவித்தது. 2010 ஆகஸ்டில் முடிந்ததாகவும் அறிவித்தது. இந்தியாவின் முதல் பாதிப்பு 2009 மே மாதம் ஐதராபாத்திலும், முதல் மரணம் ஆகஸ்ட் 3 அன்று புனேயிலும் பதிவாயின. அதன் பிறகு எச்1என்1 என்னும் அதே வைரஸ், பருவந்தோறும் வந்து போகும் வைரஸாக நம்மோடு தங்கிவிட்டது. பன்றிகளுக்கும் இப்போது பரவும் காய்ச்சலுக்கும் தொடர்பில்லாததால், அந்தப் பெயரையும் விட்டுவிடலாம்.

தேசிய அளவில் பதிவான எச்1என்1 எண்களைப் பாருங்கள். 2015 இல் 42,592 பாதிப்புகள், 2,990 மரணங்கள். 2016 இல் 1,786 பாதிப்புகள் மட்டுமே. நோய் ஓய்ந்தது என்று பலரும் நினைத்திருந்தபோது, 2017 இல் 38,811 பாதிப்புகள், 2,270 மரணங்கள். தொடர்ந்து மாதிரிகளை ஆராய்ந்து வந்ததால்தான், 2009 இன் கலிபோர்னியா வகையிலிருந்து மிச்சிகன் வகைக்கு வைரஸ் மாறியிருப்பது தெரிந்தது. தடுப்பூசியிலும் அந்த வகையைச் சேர்த்தார்கள். அமைதியான ஆண்டு என்று 2016 இல் கண்காணிப்பைக் கைவிட்டிருந்தால், 2017 நம்மைக் கண்மூடிய நிலையில் பிடித்திருக்கும்.

2020 இல் 2,752, 2021 இல் 778 என்று எண்கள் சரிந்ததையும் எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். முகக்கவசமும் ஊரடங்கும் ஃப்ளூவை உண்மையிலேயே ஒடுக்கின. ஃப்ளூ வைரஸின் ஏ, பி என்னும் இரு முக்கிய வகைகளில், பி வகையின் யமகாட்டா என்ற கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்குமே உறுதியாகத் தென்படாமல் போய், இப்போது தடுப்பூசியிலிருந்தும் நீக்கப்படுகிறது. ஆனால் ஆய்வகங்கள் முழுக்கக் கொரோனா மாதிரிகளில் மூழ்கியிருந்ததால், ஃப்ளூவைத் தேடியதும் குறைந்திருந்தது. தேடாத இடத்தில் கிடைக்காததை, இல்லாதது என்று எழுதிவிடக் கூடாது.

கேள்வி: டெல்லியிலும் புனேயிலும் பெரிய நிறுவனங்கள் இருக்கும்போது மாநிலம் தனியாகக் கண்காணிப்பது வீண்செலவில்லையா? இன்னொன்று: சர்க்கரை நோயுள்ள என் தாயாருக்கு (வயது 71) எந்த மாதத்தில் ஃப்ளூ தடுப்பூசி போடலாம்?
(ஒரு வாசகி, வேலூர்)

பதில்: உங்கள் இரண்டாவது கேள்வியிலேயே முதல் கேள்விக்கு விடை இருக்கிறது. இந்தியாவின் பத்து நகரங்களில் பல ஆண்டுகள் மாதிரி எடுத்து 2015 இல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்ரீநகரில் ஃப்ளூ ஜனவரி முதல் மார்ச் வரையிலான குளிரில் உச்சம் தொட்டது. டெல்லி, லக்னோ, புனே போன்ற நகரங்களில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் உயர்ந்தது. சென்னையிலும் உங்கள் வேலூரிலும் மட்டும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் உச்சமடைந்தது. நமக்கு மழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று. நம் ஃப்ளூவும் அதன் பின்னாலேயே வருகிறது. நாடு முழுமைக்கும் ஒரே வளைகோடு வரைந்தால், நம்முடைய அக்டோபர் மேடு வடக்கின் ஆகஸ்ட் மேட்டுக்குள் கரைந்து மறைந்துவிடும். அந்த வளைகோட்டை நம்பி மருந்து இருப்பும் படுக்கைகளும் ஏற்பாடு செய்தால், நமக்கு நோய் ஏறும் நேரத்தில் அவை தீர்ந்திருக்கும்.

ஆகவே உங்கள் தாயாருக்கு ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் போடுவது நல்லது என்பது என் கருத்து. ஊசி போட்டபின் எதிர்ப்பாற்றல் உருவாக இரண்டு வாரங்கள் ஆகும். மாதங்கள் செல்லச் செல்ல அது மெல்லக் குறையும். ஒவ்வோர் ஆண்டும் போட்டுக்கொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் வடகோளத்துக்கும் செப்டம்பரில் தென்கோளத்துக்கும் தடுப்பூசியின் வைரஸ் வகைகளை அறிவிக்கிறது. கடையில் கிடைப்பது மிக அண்மைய வகைதானா என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் ஆண்டைப் பார்த்து வாங்குங்கள். போடும் முன் தாயாரின் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இந்தத் தடுப்பூசி தேசிய அட்டவணையில் இல்லாததால் பெரும்பாலோர் கைப்பணம் போட்டே வாங்க வேண்டியிருக்கிறது. முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்குமாவது இதை அரசே இலவசமாக வழங்க வேண்டும் என்று நான் உளமார விரும்புகிறேன்.

பருவமழை உச்சம் மட்டுமே உண்டு என்றும் எண்ணிவிடாதீர்கள். 2023 பிப்ரவரி, மார்ச்சில் எச்3என்2 என்னும் மற்றொரு ஃப்ளூ வகை நாடெங்கும் எழுந்தபோது, மார்ச் 10 அன்று தமிழகத்தில் 1,000 இடங்களில் காய்ச்சல் முகாம்கள் நடந்தன.

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். அங்கே வாரந்தோறும் மாநிலவாரியாக வண்ணப்படம் வெளியிடுகிறார்கள். அவள் மாநிலம் சிவப்பாகவும் பக்கத்து மாநிலம் மஞ்சளாகவும் இருந்தால், பக்கத்து மாநிலம் பாதுகாப்பானதா?
(ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: அப்படிப் பொருள்கொள்ளக் கூடாது. அந்தப் படத்தில் ஒவ்வொரு மாநிலமும் தன்னோடுதான் ஒப்பிடப்படுகிறது. வெளிநோயாளிகளில் எத்தனை விழுக்காட்டினர் காய்ச்சலும் இருமல் அல்லது தொண்டைவலியும் கொண்டு வருகிறார்கள் என்று எடுத்து, ஃப்ளூ இல்லாத வாரங்களில் அந்த மாநிலத்துக்கு இருக்கும் வழக்கமான அளவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதையே நிறம் காட்டுகிறது. மேலும், அது அறிகுறிக் கணக்கு. கொரோனாவும் பிற சளி வைரஸ்களும் அதில் கலந்திருக்கும். அங்கேயும் பெரியவர்களின் ஃப்ளூ மரணங்கள் ஒவ்வொன்றாக எண்ணப்படுவதில்லை. குழந்தைகளின் மரணங்களை மட்டும் 2004 முதல் கட்டாயமாகத் தெரிவிக்கிறார்கள். ஆனாலும் தவறாமல் வாரந்தோறும் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுகிறார்கள் என்பதில் நாம் கற்க வேண்டியது உண்டு. நம் மாநிலத்திலும் மாவட்டவாரியான வாராந்தர ஃப்ளூ அறிக்கை எளிய தமிழில் வெளிவர வேண்டும்.

கேள்வி: கோழிப்பண்ணை வைத்திருக்கிறேன். அடுத்த கொள்ளைநோய் பறவைக் காய்ச்சலிலிருந்து வரும் என்கிறார்கள். வந்தால் முதலில் யாருக்குத் தெரியும்?
(ஒரு பண்ணையாளர், நாமக்கல்)

பதில்: உங்களுக்குத்தான். காரணம் தெரியாமல் கோழிகள் திடீரெனக் கூட்டமாக இறப்பதே முதல் அறிகுறி. 2006 இல் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் எச்5என்1 என்னும் பறவைக் காய்ச்சலின் முதல் இந்தியப் பரவல் அப்படித்தான் தெரிந்தது. 2014 முதல் கேரளத்தின் ஆலப்புழை வாத்துகளிலும் பலமுறை பறவைக் காய்ச்சல் தென்பட்டது. இறந்த பறவைகளைப் புதைத்துவிட்டு வாளாவிருக்காமல், கால்நடை மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். மாதிரி போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு ஆய்வகத்துக்குப் போகும். பண்ணையில் வேலை செய்பவருக்குக் காய்ச்சல் வந்தால், மருத்துவரிடம் தாம் செய்யும் வேலையைச் சொல்ல வேண்டும்.

மனிதரிடம் ஃப்ளூ ஏ வகை என்று தெரிந்தும், பழக்கமான எச்1, எச்3 இரண்டிலும் அடங்காத மாதிரி கிடைத்தால், அது புனேயில் உள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனத்துக்கு அனுப்பப்படும். 2021 ஜூலையில் டெல்லி மருத்துவமனையில் இறந்த ஹரியானா சிறுவனுக்கு எச்5என்1 இருந்தது இப்படிக் கண்டறியப்பட்டதுதான். இந்தியாவில் மனிதருக்கு நேர்ந்த முதல் எச்5என்1 மரணம் அது. மனிதரிடம் புதுவகை ஃப்ளூ உறுதியானால், பெரியம்மை, இளம்பிள்ளை வாதம், சார்ஸ் ஆகியவற்றைப் போலவே, ஒரே ஒருவருக்கு வந்திருந்தாலும் 24 மணி நேரத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிக்க நாடு கடமைப்பட்டிருக்கிறது.

கேள்வி: ஓராண்டாகச் சிறிய மருத்துவமனை நடத்துகிறேன், சார். வாராவாரம் காய்ச்சல் எண்ணிக்கை கேட்கிறார்கள். அனுப்புகிறேன், ஆனால் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. இதனால் பயன் உண்டா?
(ஓர் இளம் மருத்துவர், தென்காசி)

பதில்: உங்கள் சலிப்பு எனக்குப் புரிகிறது. அனுப்புபவருக்கு ஒரு வரி பதிலாவது வர வேண்டும். பல இடங்களில் அது வராதது கண்காணிப்பின் பெருங்குறை. மாவட்டக் கண்காணிப்புப் பிரிவுக்கு ஒருமுறை நேரில் சென்று, உங்கள் எண் எந்த வரைபடத்தில் ஏறுகிறது என்று கேட்டுப் பாருங்கள், காட்டுவார்கள். காய்ச்சல்காரர்களில் பெரும்பகுதி தனியார் மருத்துவமனைகளுக்கே போகும் ஊர்களில், நீங்கள் அனுப்பாவிட்டால் அந்த வட்டாரத்தின் மழைமானி பாதி மூடிக் கிடக்கிறது என்றே பொருள்.

மூச்சுத்திணறலோடு ஒருவர் வந்தால், பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதோடு நிறுத்தாமல், காய்ச்சல் தொடங்கிய நாளைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். முதல் மூன்று நான்கு நாட்களில் எடுத்த மாதிரியில்தான் வைரஸ் நன்றாகக் கிடைக்கும். நீங்களே மாதிரி எடுப்பதாக இருந்தால் செயற்கை இழை நுனியுள்ள குச்சியையே பயன்படுத்துங்கள். மரக்குச்சியில் சுற்றிய பஞ்சு பிசிஆரைக் கெடுக்கும். குச்சியை இளஞ்சிவப்புத் திரவமுள்ள குழாயில் முறித்துப் போட்டு, மூடியை இறுக்கி, மூன்றடுக்கு உறையிட்டு, குளிர்கட்டிகளோடு தெர்மாகோல் பெட்டியில் வைத்து அன்றே அனுப்பிவிட வேண்டும். வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் இரண்டு மணி நேரம் கிடந்த பெட்டியிலிருந்து வரும் "வைரஸ் இல்லை" என்ற முடிவை நான் நம்ப மாட்டேன்.

காய்ச்சல்காரர் ஒருவரும் வராத வாரங்களும் உங்களுக்கு இருக்கும். அந்த வாரத்துக்கான கட்டத்தை வெறுமையாக விடாமல், சுழியம் என்று நிரப்பி அனுப்புங்கள். வெற்றுக் கட்டத்தைப் பார்ப்பவருக்கு, அங்கே காய்ச்சல் இல்லையா, மருத்துவர் ஊரில் இல்லையா என்பது தெரியாது.